கூப்பிட்டபோது வரவில்லை, தீர்ப்பு வந்துவிட்டது!

அச்சாரப் பண வழக்கில் "எக்ஸ்பார்ட்டி" ஆனவர் என்ன செய்ய வேண்டும்?

கோர்ட்டு வராந்தாவில் சேவகர் வந்து நிற்கிறார். வழக்கின் எண்ணைச் சொல்கிறார். பெயரைச் சொல்லி உரக்கக் கூப்பிடுகிறார்.

ஒரு முறை. இரண்டாம் முறை. மூன்றாம் முறை.

பதில் இல்லை.

"பிரதிவாதி ஆஜராகவில்லை" என்று நீதிபதி குறித்துக்கொள்கிறார். வழக்குப் போட்ட வாதி மட்டும் கூண்டில் ஏறுகிறார். சாட்சி சொல்கிறார். ஒப்பந்தப் பத்திரத்தைக் காட்டுகிறார். அவரைக் குறுக்கு விசாரணை செய்ய எதிரில் ஆள் இல்லை. தீர்ப்பு வந்துவிடுகிறது.

இதற்குத்தான் "எக்ஸ்பார்ட்டி" தீர்ப்பு என்று பெயர். ஒரு பக்கத்தை மட்டும் கேட்டுச் சொன்ன தீர்ப்பு என்று பொருள். தமிழில் ஒருதலைப்பட்சத் தீர்ப்பு என்கிறார்கள்.

இப்படித் தீர்ப்பு வந்துவிட்டால் எல்லாம் முடிந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். தலையில் கை வைத்து உட்கார்ந்துவிடுகிறார்கள். அது தவறு.

சட்டம் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. ஆனால் அது வெகு நாள் திறந்திருக்காது!

வீடு விற்கப் போனவர்

ஓர் உதாரணம் பார்ப்போம்.

ஒருவர் தன் வீட்டை 20 லட்சம் ரூபாய்க்கு விற்கப் பேசுகிறார். வாங்குகிறவர் 2 லட்சம் அச்சாரம் கொடுக்கிறார். "மீதி 18 லட்சத்தை 3 மாதத்தில் கொடுத்துக் கிரயம் முடித்துக்கொள்கிறேன்" என்று பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறார்.

3 மாதம் ஆகிறது. மீதிப் பணம் வரவில்லை.

"பாங்கியில் கடன் கிடைக்கவில்லை. அச்சாரத்தைத் திருப்பிக் கொடுங்கள்" என்கிறார் வாங்க வந்தவர்.

"உங்களை நம்பி, தேடி வந்த வேறு ஆளைத் திருப்பி அனுப்பினேன். எனக்கு நஷ்டம். பணம் கிடையாது" என்கிறார் வீட்டுக்காரர்.

வாய்ச்சண்டையோடு பிரிந்துவிடுகிறார்கள். வீட்டுக்காரர், மகளின் பிரசவத்துக்காக மனைவியோடு வெளியூர் போகிறார். சில மாதம் அங்கேயே தங்கிவிடுகிறார். வீடு பூட்டிக் கிடக்கிறது.

இதற்கிடையில் வழக்கு வருகிறது. சம்மன் கொண்டு வந்த கோர்ட்டு சேவகர் பூட்டிய கதவைப் பார்க்கிறார். சம்மனின் நகலைக் கதவில் ஒட்டிவிட்டுப் போகிறார். மழையும் காற்றும் அந்தத் தாளைக் கிழித்துவிடுகின்றன.

ஊர் திரும்பிய வீட்டுக்காரருக்கு எதுவும் தெரியாது. ஒரு நாள் காலையில் கோர்ட்டு அமீனா வாசலில் வந்து நிற்கிறார். கையில் ஜப்தி உத்தரவு!

2 லட்சம், அதற்கு வட்டி, வழக்குச் செலவு. எல்லாம் சேர்த்துக் கட்டு என்கிறது தீர்ப்பு.

பணம் யாருக்குச் சேரும்?

இந்த வழக்கில் வீட்டுக்காரர் பக்கம் நியாயமே இல்லையா? இருக்கலாம். அதை முதலில் பார்ப்போம்.

அச்சாரம் என்பது பேச்சு உறுதி என்பதற்கு அடையாளமாகக் கொடுக்கும் பணம். வியாபாரம் முடிந்தால் அது விலையில் கழிந்துவிடும். கொடுத்தவர் பேச்சு மாறினால், அந்தப் பணத்தை இழக்க நேரும்.

ஆனால் முன்னால் கொடுத்த பணம் எல்லாமே அச்சாரம் ஆகிவிடாது. விலையில் ஒரு பகுதியாகக் கொடுத்த பணம் வேறு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சுப்ரீம் கோர்ட்டு 1963-ம் ஆண்டில் ஒரு டெல்லி வழக்கில் காட்டியது.

1949-ம் ஆண்டில் ஒரு மனையையும் அதில் உள்ள கட்டிடத்தையும் 1 லட்சத்து 12 ஆயிரத்து 500 ரூபாய்க்கு விற்க ஒப்பந்தம் ஆயிற்று. முதலில் ரூ.1,000 அச்சாரம். பிறகு இடத்தை ஒப்படைத்தபோது ரூ.24 ஆயிரம். கிரயம் முடியவில்லை. 25 ஆயிரமும் எனக்கே சேரும் என்றார் விற்கிறவர். ஒப்பந்தத்திலும் அப்படித்தான் எழுதியிருந்தது.

சுப்ரீம் கோர்ட்டு ஒப்புக்கொள்ளவில்லை. "ஆயிரம் ரூபாய் அச்சாரம், அதை வைத்துக்கொள்ளலாம். 24 ஆயிரத்தைப் பத்திரத்தில் எழுதியிருக்கிறது என்பதற்காக மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது" என்று முடிவு செய்தது. விற்கிறவர் அந்த அளவுக்கு நஷ்டப்பட்டதாக நிரூபிக்கப்படவில்லை.

இன்னொரு வழக்கு சுவையானது. ராணுவத்துக்கு உருளைக்கிழங்கு கொடுக்க ஒருவர் 1947-ம் ஆண்டில் காண்டிராக்ட் எடுத்தார். கோழி, முட்டை, மீன் கொடுக்க இன்னொரு காண்டிராக்ட். இரண்டுக்கும் சேர்த்து ரூ.18 ஆயிரத்து 500 ஜாமீன் தொகை கட்டினார். சரக்கு ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை. சர்க்கார் காண்டிராக்டை ரத்து செய்தது. ஜாமீன் தொகை முழுவதையும் எடுத்துக்கொண்டது.

1969-ம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. "இது அச்சாரம் அல்ல. ஒழுங்காக நடப்பதற்குக் கட்டிய ஜாமீன். சரக்கு வராததால் வெளியில் எவ்வளவு விலைக்கு வாங்கினீர்கள்? எவ்வளவு நஷ்டம்? கணக்குக் காட்டியிருக்கலாமே! காட்டவில்லை" என்பதுதான் தீர்ப்பின் சாரம். பணத்தைச் சர்க்கார் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

இந்த இரண்டு தீர்ப்புகளும் 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவை விளக்குகின்றன. அச்சாரமா, முன்பணமா? ஒப்பந்தத்தை முறித்தவர் யார்? நஷ்டம் உண்டா? இந்த மூன்று கேள்விகளுக்கும் கிடைக்கும் பதிலைப் பொறுத்துத்தான் பணம் யாருக்கு என்பது முடிவாகும்.

நம் வீட்டுக்காரருக்கும் இதில் சொல்ல விஷயம் இருக்கிறது. திருப்பி அனுப்பிய ஆளைச் சாட்சியாக அழைத்திருக்கலாம். பத்திரத்தில் "அச்சாரம்" என்று எழுதியிருப்பதைக் காட்டியிருக்கலாம். முழுப் பணமும் தப்பியிருக்கலாம். ஒரு பகுதியாவது தப்பியிருக்கலாம்.

ஆனால் அவர் வரவில்லை. வராதவரின் நியாயத்தை யார் எடுத்துச் சொல்வது?

இதைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. வாங்க வந்தவர் அச்சாரத்தைத் திருப்பிக் கேட்காமல், "வீட்டையே எனக்கு எழுதிக் கொடுக்க வேண்டும்" என்றும் வழக்குப் போடலாம். அதில் எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு ஆகி, வீட்டுக்காரர் கையெழுத்துப் போட வராவிட்டால், அவருக்குப் பதிலாகக் கோர்ட்டே கிரயப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிடும்!

சம்மன் எப்படி வரும்?

"சம்மனைக் கையில் வாங்கினால்தானே வழக்கு? வாங்காமல் இருந்துவிட்டால்?"

கிராமத்திலும் நகரத்திலும் இப்படி யோசனை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். இதை நம்பிக் கெட்டவர்கள் ஏராளம்.

1908-ம் ஆண்டின் சிவில் நடைமுறைச் சட்டம் சம்மன் கொடுக்கும் வழிகளைச் சொல்கிறது.

முதலில் நேரில் உங்கள் கையில் கொடுப்பார்கள். நீங்கள் வீட்டில் இல்லை, விரைவில் வரும் அறிகுறியும் இல்லை என்றால், கூட வசிக்கும் குடும்பத்தில் வயது வந்த ஒருவரிடம் கொடுக்கலாம். ஆணிடமும் கொடுக்கலாம், பெண்ணிடமும் கொடுக்கலாம். வேலைக்காரரிடம் கொடுத்தால் செல்லாது. அவர் குடும்பத்தில் சேர்ந்தவர் அல்ல என்று சட்டமே கூறுகிறது.

ஒப்புகைச் சீட்டுடன் தபாலிலும் சம்மன் வரலாம். "வாங்க மறுத்தார்" என்று தபால்காரர் எழுதித் திருப்பி அனுப்பினால், சம்மன் சேர்ந்ததாகவே கோர்ட்டு எடுத்துக்கொள்ளும்.

கையெழுத்துப் போட மறுத்தாலும், தேடியும் ஆள் அகப்படாவிட்டாலும், வீட்டுக் கதவில் சம்மன் ஒட்டப்படும். வீட்டை அடையாளம் காட்டியவர் யார் என்பதைச் சேவகர் எழுத வேண்டும். ஒட்டியது சரிதானா என்பதைக் கோர்ட்டு பார்க்க வேண்டும்.

எதுவும் பலிக்காவிட்டால், அந்த ஊரில் விற்பனையாகும் தினசரிப் பத்திரிகையில் விளம்பரம் செய்யவும் உத்தரவிடலாம்.

ஆகவே ஒளிந்துகொள்வதால் வழக்கு ஓடிவிடாது. உங்கள் பக்கத்து நியாயம்தான் ஓடிவிடும்!

வீட்டில் உள்ள பெண்களும் பிள்ளைகளும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். கோர்ட்டிலிருந்து எந்தத் தாள் வந்தாலும் பரண் மேல் போடக்கூடாது. வந்த தேதியை அதன் மேல் எழுதி, குடும்பத் தலைவர் கையில் அன்றே சேர்க்க வேண்டும்.

நடுவில் வந்தாலும் தோஷமில்லை

முதல் வாய்தாவுக்குப் போகவில்லை. எக்ஸ்பார்ட்டி என்று எழுதிவிட்டார்கள். ஆனால் தீர்ப்பு இன்னும் வரவில்லை. என்ன செய்வது?

உடனே போய் நிற்க வேண்டியதுதான்.

1955-ம் ஆண்டில் ராஜஸ்தானத்துத் தேர்தல் வழக்கு ஒன்று சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்தது. தேர்தலில் ஜெயித்தவர் சில நாள் விசாரணைக்கு வரவில்லை. பிறகு வந்தபோது, "நீர் கலந்துகொள்ள முடியாது" என்று தேர்தல் கோர்ட்டு கதவை அடைத்துவிட்டது.

நீதிபதி விவியன் போஸ் எழுதிய தீர்ப்பு அந்தக் கதவைத் திறந்தது. நடைமுறை விதிகள் நியாயம் கிடைக்க உதவுவதற்காக ஏற்பட்டவை. ஆளைத் தண்டிப்பதற்காக ஏற்பட்டவை அல்ல என்று அவர் விளக்கினார். ஒரு நாள் வரவில்லை என்றால், அந்த நாள் நடந்ததோடு சரி. வந்த நாளிலிருந்து அவர் கலந்துகொள்ளலாம்.

ஏற்கனவே நடந்துபோன விசாரணையைத் திரும்ப நடத்த வேண்டுமானால், வராமல் போனதற்குத் தக்க காரணம் காட்டி மனுப் போட வேண்டும். அப்போது எதிர்த்தரப்புக்குச் செலவுத் தொகை கொடுக்கும்படி கோர்ட்டு சொல்லலாம்.

இன்னொன்றும் உண்டு. எதிரி வரவில்லை என்பதற்காக மட்டும், வாதி கேட்டதை எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்துவிடக்கூடாது. வாதியின் வழக்கு உண்மைதானா என்று நீதிபதி பார்க்க வேண்டும். சுப்ரீம் கோர்ட்டு 1999-ம் ஆண்டில் இதை வலியுறுத்தியிருக்கிறது.

அமீனா வந்துவிட்டாரா?

தீர்ப்பே வந்துவிட்டது. அமீனாவும் வந்துவிட்டார். அப்போதும் பதறக்கூடாது. அமீனாவிடம் சண்டை போடக்கூடாது. அவர் கோர்ட்டு உத்தரவை நிறைவேற்ற வந்தவர்.

அவரிடம் உள்ள உத்தரவைப் படித்துப் பாருங்கள். படிக்கத் தெரியாவிட்டால் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். எந்தக் கோர்ட்டு? வழக்கு எண் என்ன? தீர்ப்பு எந்தத் தேதியில் ஆனது? மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள்.

எல்லாப் பொருளையும் ஜப்தி செய்துவிட முடியாது. உடுத்தத் தேவையான துணி, சமையல் பாத்திரம், பாய் படுக்கை ஆகியவற்றை எடுக்கக்கூடாது. தாலியைப் போல, மத வழக்கப்படி பெண்கள் கழற்றக்கூடாத நகையைத் தொடக்கூடாது. தொழிலாளியின் கருவிகள், விவசாயியின் ஏர், மாடு, விதை நெல் இவற்றுக்கும் பாதுகாப்பு உண்டு. விவசாயியோ கூலித் தொழிலாளியோ குடியிருக்கும் சொந்த வீட்டுக்கும் உண்டு.

அன்றே வக்கீலைப் பாருங்கள். அங்கே பேச்சு இப்படித்தான் நடக்கும்:

"ஐயா, இப்படி ஒரு வழக்கு இருப்பதே எனக்குத் தெரியாது."

"சம்மன் வந்ததா?"

"வரவில்லை ஐயா. மகள் பிரசவத்துக்குப் போயிருந்தோம். வீடு பூட்டியிருந்தது."

"தீர்ப்பு வந்தது எப்போது தெரியும்?"

"இன்று காலையில் அமீனா சொல்லித்தான் தெரியும்."

"சரி. அந்தத் தேதியை மறக்காதீர்கள். உங்கள் வழக்கே அந்தத் தேதியில்தான் இருக்கிறது!"

வக்கீல் ஏன் அப்படிச் சொன்னார்?

திறந்திருக்கும் கதவு

சிவில் நடைமுறைச் சட்டத்தில் 9-வது ஆணை, 13-வது விதி என்று ஒன்று உண்டு. எக்ஸ்பார்ட்டி தீர்ப்பை ரத்து செய்ய வழி காட்டும் விதி அதுதான். தீர்ப்புச் சொன்ன அதே கோர்ட்டில் மனுப் போட வேண்டும். ரத்து செய்ய இரண்டு காரணங்கள் உண்டு. ஏதாவது ஒன்று இருந்தால் போதும்.

ஒன்று: சம்மன் முறைப்படி சேரவில்லை.

இரண்டு: சம்மன் சேர்ந்தது. ஆனால் வழக்கைக் கூப்பிட்ட நாளில் வர முடியாதபடி தக்க காரணம் இருந்தது.

முதல் காரணத்துக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. சம்மன் கொடுத்த முறையில் ஏதோ சிறு குறை இருக்கிறது. ஆனால் வாய்தா தேதி உங்களுக்கு நன்றாகத் தெரியும். வருவதற்குப் போதிய அவகாசமும் இருந்தது. அப்படியானால் அந்தக் குறையைக் காட்டித் தப்பிக்க முடியாது. 1976-ம் ஆண்டில் செய்த திருத்தம் இது.

இரண்டாவது காரணத்துக்கு உதாரணம் பல. ஆஸ்பத்திரியில் படுத்திருந்தது, வழியில் விபத்து, வீட்டில் சாவு, வெள்ளத்தால் போக்குவரத்து நின்றது. இவை உண்மையாக இருந்து, ஆதாரமும் இருந்தால் கோர்ட்டு கேட்கும்.

30 நாள் கணக்கு

மனுப் போட 30 நாள்தான் கெடு. 1963-ம் ஆண்டு காலவரையறைச் சட்டம் இப்படிக் கூறுகிறது.

சம்மன் முறையாகச் சேர்ந்திருந்தால், தீர்ப்பு வந்த நாளிலிருந்து 30 நாள்.

சம்மன் முறையாகச் சேராவிட்டால், தீர்ப்பைப் பற்றி உங்களுக்குத் தெரிய வந்த நாளிலிருந்து 30 நாள்.

வக்கீல் அந்தத் தேதியைப் பிடித்துக்கொண்டதன் காரணம் இதுதான். வீட்டுக்காரருக்குக் கெடு, அமீனா வந்த காலையில்தான் ஆரம்பமாகிறது.

கடைசி நாளில் கோர்ட்டு விடுமுறையாக இருந்தால், திறக்கும் நாளில் போடலாம். ஆனால் கடைசி நாள் வரை காத்திருப்பது புத்திசாலித்தனம் அல்ல.

883 நாள் தாமதம்

30 நாளும் தாண்டிவிட்டால்?

அதற்கும் வழி உண்டு. தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டி, அதை மன்னிக்கும்படி தனி மனுப் போடலாம். காலவரையறைச் சட்டத்தின் 5-வது பிரிவு இதற்கு இடம் தருகிறது.

நம் தமிழ்நாட்டு வழக்கு ஒன்று இதற்குப் பெயர் பெற்றது.

ஒரு சொத்து வழக்கில் 1991-ம் ஆண்டில் எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு ஆகிவிட்டது. ரத்து செய்யும்படி பிரதிவாதி மனுப் போட்டார். அந்த மனுவும் 1993-ம் ஆண்டில், ஆஜராகாத காரணத்தால் தள்ளுபடி ஆயிற்று. வக்கீல் அவருக்குத் தகவல் சொல்லவில்லை. பிறகு அவர் மனுப் போட்டபோது தாமதம் எவ்வளவு தெரியுமா? 883 நாள்!

கீழ்க்கோர்ட்டு மன்னித்தது. சென்னை ஐகோர்ட்டு மன்னிக்க மறுத்தது. வழக்கு டெல்லிக்குப் போயிற்று. 1998-ம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டு மன்னித்தது.

தாமதம் எத்தனை நாள் என்பது பெரிதல்ல. சொல்லும் காரணம் நம்பத் தகுந்ததா என்பதுதான் பெரிது என்று அந்தத் தீர்ப்பு கூறியது. கூடவே இன்னொன்றும் கூறியது. ஒருவருடைய கவனக் குறைவால் எதிர்த்தரப்புக்கு ஏற்பட்ட நஷ்டத்தை ஈடு செய்ய வேண்டும் என்பதே அது.

மன்னிப்பு உண்டு. ஆனால் அது இலவசமாக வருவதில்லை!

எல்லாச் சாக்கும் செல்லாது

883 நாளை மன்னித்தார்களே என்று தைரியமாகத் தூங்கிவிடக்கூடாது. இதற்கு எதிரான கதையும் இருக்கிறது.

விவாகரத்து வழக்கு ஒன்று. மனைவிக்குக் கோர்ட்டு தபால் போயிற்று. வாங்க மறுத்ததாகத் திரும்பி வந்தது. பத்திரிகையில் விளம்பரம் செய்தார்கள். அப்போதும் அவர் வரவில்லை. 1989-ம் ஆண்டில் எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு ஆயிற்று. 4 ஆண்டு கழித்து, 1993-ம் ஆண்டில், அதை ரத்து செய்யும்படி கேட்டார்.

2011-ம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டு மறுத்துவிட்டது. சம்மன் முறைப்படி சேர்ந்திருக்கிறது, வராததற்குத் தக்க காரணமும் இல்லை என்று கூறிவிட்டது. பழைய தீர்ப்பே நிலைத்தது.

இரண்டு வழக்கையும் சேர்த்துப் பாருங்கள். தெரியாமல் வராதவருக்குக் கோர்ட்டு கை கொடுக்கிறது. தெரிந்தும் வராதவரைக் கைவிடுகிறது.

மனுவில் என்ன இருக்க வேண்டும்?

வாயால் சொன்னால் போதாது. நடந்ததைத் தேதி வாரியாகப் பிரமாண வாக்குமூலமாக எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கு ஆதாரம் சேர்க்க வேண்டும்.

நம் வீட்டுக்காரரிடம் மகளின் ஆஸ்பத்திரிச் சீட்டு இருக்கும். குழந்தையின் பிறப்புச் சான்று இருக்கும். ரெயில் அல்லது பஸ் டிக்கெட் இருக்கலாம். வீடு பூட்டிக் கிடந்ததைப் பக்கத்து வீட்டார் சொல்வார்கள். இவை எல்லாம் பேசும்.

பொய் மட்டும் எழுதக்கூடாது. காய்ச்சலே வராதவர் டாக்டர் சீட்டு வாங்கி வைத்தால், குறுக்கு விசாரணையில் அது உடைந்துவிடும். அதோடு உண்மையான நியாயமும் உடைந்துவிடும்.

உங்கள் மனுவைப் பற்றி எதிர்த்தரப்புக்கு நோட்டீசு போகும். அவரையும் கேட்டுத்தான் முடிவு செய்வார்கள்.

ரத்து செய்யும்போது கோர்ட்டு நிபந்தனை போடலாம். எதிர்த்தரப்புக்குச் செலவுத் தொகை கொடு என்று சொல்லலாம். வழக்குப் பணத்தில் ஒரு பகுதியைக் கோர்ட்டில் கட்டு என்றும் சொல்லலாம். கெடுவுக்குள் கட்டாவிட்டால், கிடைத்த உத்தரவு கை நழுவிப் போகும்.

ஒரு முக்கிய எச்சரிக்கை: ரத்து மனுப் போட்டதாலேயே ஜப்தி நின்றுவிடாது. ஜப்தியை நிறுத்தி வைக்கும்படி தனியாகத் தடை உத்தரவு கேட்க வேண்டும்.

மனு தள்ளுபடியானால் அப்பீல் செய்யலாம். எக்ஸ்பார்ட்டி தீர்ப்பின் மேலேயே நேராக அப்பீல் செய்யவும் உரிமை உண்டு. ஆனால் அந்த அப்பீல் முடிவாகிவிட்டால், பிறகு ரத்து மனு நிற்காது. எந்த வழி நல்லது என்பதை வக்கீலிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

வாதிக்கும் இதே கதிதான்

வராதவர் பிரதிவாதி மட்டும்தானா? இல்லை. வழக்குப் போட்டவரும் வராமல் இருப்பது உண்டு.

பிரதிவாதி வந்து, வாதி வராவிட்டால் வழக்கு தள்ளுபடி ஆகும். அவரும் 30 நாளுக்குள் தக்க காரணம் காட்டி, வழக்கை மறுபடி எடுக்கும்படி கேட்கலாம். சட்டம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

ரத்து என்றால் வெற்றியா?

தீர்ப்பு ரத்து ஆகிவிட்டது. வீட்டுக்காரர் மகிழ்ச்சியோடு வீட்டுக்குப் போகலாமா?

போகலாம். ஆனால் வழக்கு முடிந்துவிடவில்லை. இனிமேல்தான் தொடங்குகிறது!

ரத்து என்றால், "உன் பேச்சையும் கேட்கிறோம்" என்று அர்த்தம். "நீ ஜெயித்தாய்" என்று அர்த்தம் அல்ல. இனி அவர் வாதிக்குப் பதில் எழுதித் தாக்கல் செய்ய வேண்டும். கோர்ட்டு கொடுக்கும் கெடுவைத் தவறவிட்டால் பழைய கதைதான்.

அதன் பிறகு 1963-ம் ஆண்டுத் தீர்ப்பும், உருளைக்கிழங்கு வழக்கின் தீர்ப்பும் அவருடைய வழக்கோடு ஒப்பிடப்படும். அச்சாரம் அவருக்குச் சேரலாம். ஒரு பகுதி சேரலாம். முழுவதையும் திருப்பிக் கொடுக்கவும் நேரலாம். எதுவானாலும், இரண்டு பக்கத்தையும் கேட்ட பிறகு வரும் தீர்ப்பு அது.

நடுவில் சமாதானத்துக்கும் இடம் உண்டு. 2 லட்சத்தில் பாதியை விட்டுக்கொடுத்து, பகையைத் தீர்த்துக்கொள்ள இரு தரப்பும் முன் வந்தால் கோர்ட்டு தடுக்காது.

வக்கீல் வைக்கப் பணம் இல்லையா?

அதற்காக வீட்டில் உட்கார்ந்துவிட வேண்டாம்.

1987-ம் ஆண்டில் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் வந்தது. 1995-ம் ஆண்டு நவம்பர் 9-ந் தேதி முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுக்கிறார்கள்.

பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், ஊனமுற்றோர், ஆலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமானக் கணக்குப் பார்க்காமலே இந்த உதவி உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. தாலுகாவில் உள்ள சட்டப் பணிகள் குழுவில் விசாரிக்கலாம். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம்.

உங்கள் மேல் வழக்கு இருக்கிறதா, வாய்தா எப்போது என்று தெரிந்துகொள்ள இப்போது கோர்ட்டுகளின் இணையதளமும் இருக்கிறது. பெயரைப் போட்டுத் தேடலாம். வழக்குக்கு உரிய 16 இலக்க எண்ணைப் போட்டும் தேடலாம். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையே கைப்பேசியில் பார்த்துச் சொல்லிவிடும்.

இவற்றை மறக்காதீர்கள்

அச்சாரம் கொடுத்தாலும் வாங்கினாலும், எதற்காகக் கொடுத்த பணம், எத்தனை நாள் கெடு, பேச்சு மாறினால் என்ன ஆகும் என்பதைப் பத்திரத்தில் தெளிவாக எழுதுங்கள். ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

தகராறு ஆன பிறகு வெளியூர் போனால், பக்கத்து வீட்டாரிடம் விலாசமும் போன் நம்பரும் கொடுத்துவிட்டுப் போங்கள்.

சம்மன் வந்தால் வாங்குங்கள். தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நாளில் போய் நில்லுங்கள்.

வக்கீலிடம் வழக்கைக் கொடுத்ததோடு மறந்துவிடாதீர்கள். ஒவ்வொரு வாய்தாவும் என்ன ஆயிற்று என்று கேளுங்கள்.

எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு ஆகிவிட்டது என்று தெரிந்தால் அழுதுகொண்டு உட்காராதீர்கள். தெரிந்த நாள் முதல் எண்ணத் தொடங்குங்கள்.

முப்பது நாள்! அதற்குள் கோர்ட்டு வாசலில் உங்கள் கால் பட வேண்டும்.